முதலாம் ஆண்டு, இரண்டாம் முறை

1

ஆடி பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. நெம்மேலியிலிருந்து கால்வாயைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அங்குள்ள அம்மன் கோயிலில் எந்த ஞாயிறு கூழ் வார்ப்பது என்று முடிவானதும் தம்பி மணி படங்களை அனுப்பத் தொடங்குவான். பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாகக் கழுவிக் கவிழ்த்த பானைகள், கடைசியாகப் பேனர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், கோடையிலும் கம்பளிச் சட்டை கேட்கும் ஒரு நகரத்தில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவது தெரியாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் குறிப்புகள் இந்த ஆண்டுப் பேனரைப் பற்றியவை. அதில் படமாக இருப்பவளிடம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது அத்த. காலேஜ் பேரு மட்டும் வேணாம்" என்றாள். ஆகவே கல்லூரியின் பெயர் இல்லை. எந்தக் கல்லூரியிலும் இது நடக்கக்கூடும்.

அவள் பெயர் அபிநயா, மணியின் மகள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் வேறொரு மாவட்டத்து மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றவள். எங்கள் குடும்பம் அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். மணி, கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து கணினி நிறுவன ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறான். எங்கள் தெருவிலிருந்து மருத்துவம் படிக்கப் போன முதல் ஆள் அபிநயாதான். அதனால் சென்ற ஆண்டு ஆடிக்கு, அம்மனுக்கு அடுத்தபடியாக அவள் படம்தான் பேனரில் பெரிதாக இருந்தது.

அந்தப் பேனரை அடித்தவன் டில்லி. கேளம்பாக்கத்தில் கடை வைத்திருக்கிறான். அபிநயாவிடம் வெள்ளை அங்கி அணிந்த படம் அப்போது இல்லை. டில்லி அதற்காகக் கவலைப்படவில்லை. ஏதோ மருந்தகத் திறப்பு விழாவுக்காகத் தயாரித்த படத்திலிருந்து ஒரு மருத்துவரின் உடலை எடுத்து, அதன்மேல் அபிநயாவின் தலையைப் பொருத்திவிட்டான். அங்கி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். கீழே, 'எங்கள் ஊரின் பெருமை, டாக்டர் ம. அபிநயா, முதலாம் ஆண்டு.'

திருவிழா முடிந்ததும் அந்தப் பேனரைப் பக்கத்து வீட்டு எல்லம்மா அக்கா கேட்டு வாங்கி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான குளியலறைக்குக் கூரையாகப் போட்டார். வெயிலில் டாக்டர் முகம் வெளுத்துவிடக் கூடாது என்று படம் உள்பக்கம் தெரியும்படி போட்டார். அன்பில் குறை சொல்ல இடமில்லை.

2

இங்குள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் பணிபுரிகிறேன். நான் மருத்துவர் அல்ல. சமூகப் பணியில் பட்டம் பெற்று, திருமணமாகி இங்கு வந்து, பல சிறு வேலைகளுக்குப் பின் இந்த மேசையை அடைந்தவள். மாணவர்கள் பேசுவதைக் கேட்பதும், அவர்கள் இசைந்தால் அதை ஆய்வுக் குழுவுக்குத் தொகுத்துத் தருவதும் என் வேலை.

மருத்துவ மாணவர்களின் மனநலத்தைப் பற்றி இன்று பல நாடுகளில் ஆராய்கிறார்கள். நான் படித்தவரை, நாடு மாறினாலும் செய்தி பெரிதாக மாறுவதில்லை. இவர்கள் மிகவும் சோர்ந்துபோகிறார்கள். சோர்ந்ததை மறைக்கவும் செய்கிறார்கள். நோயாளி என்று தெரிந்துவிட்டால் மருத்துவராக ஏற்க மாட்டார்களோ என்ற அச்சம். என்னைப் பார்க்க வரும் ஒரு மாணவர் முன்வாசல் வழியாக வந்ததே இல்லை. நூலகத்துக்குள் நுழைந்து, பின்படிக்கட்டு ஏறி வருவார். யாராவது கேட்டால் காட்டுவதற்குக் கையில் எப்போதும் ஒரு புத்தகம்.

மாணவரின் மனத்தைத் திடப்படுத்துவது எப்படி என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் இப்போது வேறு கேள்விகளையும் கேட்கிறார்கள். தேர்வுமுறையை யார் மாற்றுவது? மூத்தவர் முன்னால் வாய் திறக்க அஞ்சும் வழக்கத்தை யார் மாற்றுவது? இதை ஒருமுறை அபிநயாவிடம் சொன்னேன்.

"எங்களுக்கும் மனசு லேசாவறதுக்கு யோகா கிளாஸ் வெச்சாங்க அத்த. அதுக்கும் அட்டெண்டன்ஸ். வராதவங்கள நிக்க வெச்சித் திட்டுனாங்க" என்றாள்.

என் மகன் இனியனுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். சென்ற ஆண்டுப் பேனரின் படத்தைக் காட்டியபோது அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, "இதைப் போட அவளிடம் அனுமதி கேட்டார்களா?" என்றான். எங்கள் அலுவலகத் துண்டறிக்கையில் ஒரு மாணவரின் தோள்பட்டை தெரிந்தால்கூட அவர் கையொப்பம் வேண்டும். மாணவர் நலம் பற்றிய வினாப்பட்டியல் ஒன்றைத் தமிழ்நாட்டிலும் பயன்படுத்துவதற்காகத் தமிழில் பெயர்க்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கேட்டு ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தவள் நான். ஒவ்வொரு விளக்கத்துக்கும் பதிலாக இன்னொரு விளக்கம் கேட்டார்கள். இந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்பான்?

"அது பிரியத்துல செய்றதுடா. அதுக்கெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க" என்றேன்.

அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான். என் பதில் எனக்கும் முழுதாக நிறைவளிக்கவில்லை.

3

இந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அபிநயா, வீட்டிலிருந்து வரும் அழைப்புகளை எடுப்பதைக் குறைத்துவிட்டாள். 'படிச்சிகினு இருக்கேன்' என்று செய்தி மட்டும் வரும். மணிக்கு அதுவும் பெருமையாகவே இருந்தது. "போன எடுக்கக்கூட நேரமில்லக்கா அதுக்கு" என்பான், வேனில் ஏறுபவர்களிடம் சொல்லும் அதே குரலில்.

கோடை தொடங்கியபின் ஒரு சனிக்கிழமை மதியம் அவளே என்னை வீடியோவில் அழைத்தாள். விடுதியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். முகம் இளைத்திருந்தது. நான் தொழில் பழக்கத்தில், மொழிபெயர்த்த வினாப்பட்டியலின் தமிழிலேயே தொடங்கிவிட்டேன்.

"உறக்கம் எப்படி இருக்கிறது? அன்றாடச் செயல்களில் ஆர்வம் குறைந்திருக்கிறதா?"

"இன்னா அத்த, கவர்மென்ட் நோட்டீஸ் மாதிரி பேசற" என்று சிரித்தாள். சிரிப்பு முடியும் இடத்தில் அழுகை தொடங்கியது.

பிசியாலஜியில் தேறவில்லை. மறுதேர்வு எழுதியும் தேறவில்லை. தன்னோடு சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டார்கள். அவள் இனி அடுத்து வந்தவர்களோடு முதலாம் ஆண்டில் மீண்டும் உட்கார வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

"பாடம் புரியலன்னு இல்ல அத்த. தமிழ்ல கேட்டா கடகடன்னு சொல்லுவேன். எழுத உக்காந்தா இங்கிலீஷ்ல மொத வரி வரதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவ அடிஷனல் பேப்பர் கேட்டு நிக்கிறா."

"அப்பாகிட்ட சொல்லலாமே."

"எப்படிச் சொல்றது? ஊருக்கு வந்தா எல்லம்மா பெரிம்மா மாத்திர அட்டையத் தூக்கினு வந்துடுது. நான் மாத்திரைங்க பாடத்தையே இன்னும் தொடல. பாத்ரூமுக்குள்ள போயி போன்ல தேடிப் பாத்துட்டு வந்து சொல்றேன். மேல பாத்தா கூரையில என் மூஞ்சியே கீது. டாக்டர்னு."

இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. பதினெட்டு வயதில், தெரியாது என்று சொல்லும் உரிமையை ஒரு தெருவே கூடி அன்போடு பறித்துவிட்டது என்று தோன்றியது. அந்த உரிமை இல்லாதவர் பின்னாளில் ஒரு நோயாளியின் முன் நின்றால் என்ன ஆகும் என்றும் தோன்றியது.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுவதுண்டு. நேராகக் கேட்பதே நல்லது என்று எனக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் பயிற்சியில் எதிரே உட்கார்ந்திருந்தது என் தம்பி மகள் அல்ல.

"அபி, செத்துடலாம்னு தோணுதா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சாவணும்னு இல்ல அத்த. கொஞ்ச நாளு யாரும் என்னைப் பாக்காத எடத்துல இருக்கணும்னு தோணுது."

அந்த வேறுபாட்டை நான் நம்பினேன். நம்பியதோடு விட்டுவிடவும் இல்லை. நாள்தோறும் எனக்கு ஒரு வார்த்தையாவது அனுப்ப வேண்டும்; அந்த எண்ணம் சாவின் பக்கம் திரும்பினால், அல்லது வார்த்தை வராமல் போனால், அவளைக் கேட்காமலே மணியை அழைப்பேன். இதுதான் எங்கள் ஒப்பந்தம். மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். மனநலப் பிரிவின் வரிசையில் நின்றால் அங்கே பயிற்சியில் இருக்கும் சீனியர்கள் பார்ப்பார்கள் என்றாள். கையில் நூலகப் புத்தகத்தோடு பின்படிக்கட்டு ஏறும் என் மாணவர் நினைவுக்கு வந்தார். சில நாள் கழித்துத் தன் ஆசிரியை ஒருவரிடம் பேசினாள். வரிசை இல்லாத நேரத்தில் மருத்துவரைப் பார்க்க அவர் ஏற்பாடு செய்து தந்தார்.

மீதமிருந்தது வீடு. நானே மணியிடம் சொல்லிவிடலாமா என்று பலமுறை கைப்பேசியை எடுத்தேன். அலுவலகத்தில் என் விதி தெளிவானது: உயிருக்கு ஆபத்தில்லாதவரை மாணவர் சொன்னது அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. குடும்பத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. மறைத்தது தெரிந்தால் தம்பி என்னோடு பேச மாட்டான். சொன்னாலோ அவள் நம்பிப் பேசும் ஒரே இடமும் போய்விடும். கடைசியில், திருவிழா முடிந்ததும் முதலில் அம்மாவிடம், பிறகு அப்பாவிடம், தனியாக உட்கார்ந்து சொல் என்று அவளுக்கு அறிவுரை சொன்னேன்.

"பாக்கலாம் அத்த" என்றாள்.

4

கூழ் வார்க்கும் ஞாயிறன்று எங்களுக்குக் காலை, ஊரில் உச்சிவெயில். இனியன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். மணி வீடியோவில் அழைத்தான். பந்தலைக் காட்டப்போகிறான் என்று எடுத்தால், அவன் கொதித்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, இந்தக் கூத்த பாத்தியா? டில்லி போன வருஷத்துதையே அடிச்சி அனுப்பிட்டான்!"

கைப்பேசியை மேலே திருப்பினான். மின்கம்பத்துக்கும் பந்தற்காலுக்கும் நடுவே பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே அங்கி, அதே ஸ்டெதாஸ்கோப், அதே கைக்கடிகாரம். கீழே, 'ம. அபிநயா, முதலாம் ஆண்டு மருத்துவ மாணவி.' டாக்டர் என்ற சொல்லைக் காணவில்லை.

எனக்கு உடனே புரிந்தது. அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை.

"டாக்டர்ன்றதையே முழுங்கிட்டான் பாரு" என்றது ஒரு குரல்.

"பொறந்தநாளு பேனர்ல கண்ணீர் அஞ்சலின்னு போட்டவன்தான அவன்?" என்றது இன்னொரு குரல்.

மணி என்னைப் பிடித்திருந்த கையை இறக்காமலே மற்றொரு கைப்பேசியில் டில்லியை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினான்.

"இன்னாடா அடிச்சி வெச்சிகிற? கண்ணு தெரியுதா இல்லியா?"

சற்று நேரம் மறுமுனையில் அச்சு இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "சாரி அண்ணாத்த. ஃபைல் மாறிப்போச்சி. என் தப்புதான். சாயங்காலத்துக்குள்ள வேற அடிச்சி நானே எடுத்தாந்து குடுத்துடறேன்."

"இன்னா மாறிப்போச்சி? ஒரு பொண்ணு கஷ்டப்பட்டு மேல வருது. நீ பாட்டுக்கு அத ஒரு வருஷம் கீழ எறக்கி உட்ருவியா?"

"தப்புதான் அண்ணாத்த. வுடு."

கூட்டத்தின் பின்னால் அபிநயாவைப் பார்த்தேன். கையில் கூழ்ச் சொம்பு. ஒரு கணம் அவள் பார்வை கைப்பேசியின் பக்கம், அதாவது என் பக்கம் வந்தது. அவள் பேசாமல் இருந்தால் போதும். மாலைக்குள் வேறு பேனர் வந்துவிடும், டாக்டர் திரும்பி வந்துவிடும், கூடவே இரண்டாம் ஆண்டும் வந்துவிடும், பழி டில்லியோடு போய்விடும். வாயைத் திறந்து உதவலாமா என்று எனக்குத் துடித்தது. எதைச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் வந்தாள்.

"அப்பா, அந்த அண்ணன திட்டாத. நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன்."

"நீயா? இன்னாத்துக்கு?"

"சரியாதான் அடிச்சிருக்காரு. நான் பெயிலுப்பா. இந்த வருஷமும் ஃபர்ஸ்ட் இயருதான்."

பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. பேனர் தயாராகிறது என்று கேள்விப்பட்டதும் அவளே டில்லியை அழைத்து, சென்ற ஆண்டுக்கானதை அப்படியே எடுக்கவும், டாக்டர் என்பதை மட்டும் நீக்கவும் சொல்லியிருக்கிறாள். வாயால் சொல்லத் துணிவு வராததைத் தெருவே படித்துக்கொள்ளட்டும் என்பது அவள் கணக்கு. யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். டில்லி சொல்லவில்லை. தெரு படித்தது, ஆனால் அபிநயா தவறக்கூடும் என்பது அதன் மனத்தில் தோன்றவே இல்லை. டில்லி தவறுவான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வாய் திறந்தவர் எல்லம்மா அக்கா.

"ஏன் கண்ணு, பிரஷரு மாத்திர ரெண்டு வேள முழுங்கச் சொன்னியே, அது பெயிலாவறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதன்பின் அடக்க முடியவில்லை, கூட்டமே சிரித்தது. அபிநயா அழுதுகொண்டே சிரித்தாள். "பெரிம்மா, அத மொதல்ல நர்சம்மாகிட்ட கேளு" என்றாள்.

மணி சிரிக்கவில்லை. டில்லியின் இணைப்பு அவன் கையில் இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது.

"அண்ணாத்த, லைன்ல கீறியா?"

மணி தொண்டையைக் கனைத்தான். "டில்லி. வேற ஒண்ணும் அடிக்க வேணாம். சரியாதான் கீது."

என்னை யார் கையிலோ கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினான். பேனரின் ஒரு முனை கட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, மேலிருந்தபடியே கத்தினான். "இன்னா வேடிக்க? கூழு ஆறுது, ஊத்துங்க!"

இனியன் இதையெல்லாம் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். "இன்னொரு முறை எழுதப் போகிறாள். அவ்வளவுதானே?" என்றான், வழக்கம்போல ஆங்கிலத்தில். அவன் எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டான் என்று வருந்துவது என் வழக்கம். அன்று அந்தத் தூரத்திலிருந்து அவன் கேட்டது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது.

5

இதைப் படிக்கும் பெற்றோரோ மாணவரோ இதை ஒரு வழிமுறையாக எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறேன். எல்லம்மா அக்காவின் இடத்தில் வேறொருவர் முதலில் பேசியிருந்தால் அந்த நண்பகல் வேறு மாதிரி முடிந்திருக்கும். தனியாக உட்கார்ந்து சொல் என்ற என் அறிவுரையை இன்றும் தவறென்று நினைக்கவில்லை. ஆனால் அவளை அழுத்தியது வீடு மட்டுமல்ல, தெருவும்தான். அதை நான் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் மட்டும் சொல்லியிருந்தால், வெளியே வந்ததும் மீண்டும் டாக்டராகத்தான் நடந்திருக்க வேண்டும்.

எல்லாம் இனிதாக முடிந்துவிடவும் இல்லை. கோயிலடியில் ஒருவர், ஒதுக்கீட்டில் போனால் இப்படித்தான் என்று சொன்னாராம். ஆங்கிலத்தில் எழுதுவது இன்னும் அவளுக்கு மலைதான். புதிய வகுப்பில் தன்னைப்போல் தமிழ் வழியில் வந்த இரண்டு பேரோடு சேர்ந்து விடைகளை எழுதிப் பழகுகிறாள். மருத்துவரைத் தொடர்ந்து பார்க்கிறாள். எனக்கு நாள்தோறும் வரும் வார்த்தை இன்னும் வருகிறது. சில நாள் அது 'தூங்கினேன்', சில நாள் வெறும் 'ம்'.

மணி அன்று முழுவதும் அவளோடு சரியாகப் பேசவில்லை. மறுநாள் விடுப்புப் போட்டு, தன் வேனிலேயே விடுதிவரை கொண்டுபோய் விட்டான். வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று அபிநயாவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் பேசல அத்த. பாட்டு கேட்டுகினு போனோம். சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது மட்டும், உனுக்கு இன்னா வேணும்னு கேட்டாரு. பிரியாணின்னேன்."

எங்கள் ஆய்வுக் கூட்டத்தில், மாணவர்களிடம் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம் என்றேன்: 'உங்களை இப்போதே மருத்துவர் என்று அழைப்பவர்கள் யார்?' எல்லோரும் தலையசைத்தார்கள். வினாப்பட்டியலில் ஒரு வரி மாறினாலும் நெறிமுறைக் குழுவுக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்திருக்கிறேன்.

சென்ற வாரம் அபிநயா ஊருக்குப் போயிருந்தபோது அழைத்தேன். பேசிக்கொண்டிருக்கையில் எல்லம்மா அக்காவின் குரல் கேட்டது. கையில் மாத்திரை அட்டை இருந்திருக்க வேண்டும்.

"இந்தா கண்ணு, புதுசா ஒண்ணு குடுத்துகிறாங்க. இது இன்னாத்துக்குன்னு பாரு."

அவள் குளியலறைப் பக்கம் போவாளோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். போகவில்லை.

"எனுக்குத் தெரியாது பெரிம்மா. அந்தப் பாடம் இன்னும் வரல. நர்சம்மாகிட்ட காட்டு."

"சரி, பாடம் வந்தப்புறம் சொல்லு" என்றார் எல்லம்மா அக்கா. "நான் எங்க போவப்போறேன்."